விதி என்ற சொல் உங்கள் வீட்டுக்குள் வந்த நாள்: அனுபவங்களைப் பகிருங்கள்

சீர்காழிக்காரன்:

பன்னிரண்டு வருடமாக நான் வாயால் சொல்லாத சொல் ஒன்று உண்டு. விதி. ஏன் என்று சொல்லிவிட்டு உங்கள் அனுபவங்களையும் கேட்கலாம் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

எங்களுக்கு வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்து ஊர். செவ்வாய்த் தலம், வைத்தியநாத சாமி, தையல்நாயகி, குளத்தில் வெல்லம் போடுவது, திருச்சாந்துருண்டை எல்லாம் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அந்த ஊரில் நாடி ஜோதிடப் பலகைகளுக்கும் குறைவில்லை. 2009-ல் அப்பா ஒரு இடத்துக்குப் போய் வலது கட்டைவிரல் ரேகையை மையில் ஒற்றிக் கொடுத்தார். நானும் கூட இருந்தேன். ஓலைக்கட்டு வந்தது. தாயார் இருக்கிறாரா, உடன்பிறந்தவர் நாலு பேரா என்று கேள்வி மேல் கேள்வி; ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஓலையாகத் தள்ளி ஓர் ஓலையில் நின்றார்கள். எட்டாம் காண்டம் ஆயுளுக்கானது. அதையும் அப்பா காசு கொடுத்துப் பார்த்தார். 78 என்று நோட்டில் எழுதித் தந்தார்கள். அந்த நோட்டு பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு இருந்தது.

2013 கார்த்திகையில் ஒரு ராத்திரி, சாப்பிட்ட பிறகு அப்பாவுக்கு நெஞ்சில் பாரம். இடது தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பனியனின் முதுகுப் பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. நான் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, "கார் சொல்லட்டுமாப்பா?" என்றேன். "எனக்கு இன்னும் பதினேழு வருஷம் இருக்குடா. வாயுதான். போய்ப் படு" என்றார். மோரில் பெருங்காயம் கலந்து குடித்தார். அம்மா விளக்கை அணைத்தாள். நானும் போய்ப் படுத்தேன். எனக்கு அப்போது 24 வயது. இரண்டாம் முறை நான் கேட்கவே இல்லை.

விடியற்காலை அம்மா தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லென்று இருந்ததாம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். விதி முடிஞ்சுது, யாரால தடுக்க முடியும். "ஊழிற் பெருவலி யாவுள" என்று குறளே சொன்னார் ஒரு உறவினர். அப்பாவைப் போகவிடாமல் படுக்க வைத்த அதே சொல்லை எடுத்து வந்து எங்களுக்கே ஆறுதலாகக் கொடுக்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மூன்று வருடம் கழித்து, சைவ சித்தாந்த வகுப்பு எடுக்கும் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். சண்டை போடத்தான் போனேன் என்று சொல்லலாம். "எல்லாம் கருவிலேயே எழுதியாச்சுன்னா உயிர்னு ஒண்ணு எதுக்கு ஐயா?" என்றேன். அவர் மழுப்பவில்லை. சிவஞான சித்தியார் என்ற சாத்திர நூலில் பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு ஆகிய ஆறும் கருவிலேயே பட்டுவிட்டன என்றுதான் இருக்கிறது என்று பாட்டையே சொன்னார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "இரு, பாட்டு இன்னும் முடியலை" என்றார். இப்போது புதிதாகச் செய்கிற வினை மேல்வரும் உடலுக்குப் போய்ச் சேரும் என்று அதே பாட்டு முடிகிறது. ஆக, வந்து சேர்வது பழையது. வந்ததை வைத்துக்கொண்டு நாம் செய்வது புதியது. அந்தப் புதியதைச் செய்கிற அறிவும் விருப்பமும் செயலும் உயிருக்கு உண்டு. ஆணவம் என்கிற இருள் அதை மறைத்திருக்கிறது. விடியும் வரைக்கும் கைவிளக்கு மாதிரி இந்த உடம்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். வினை என்பது வெறும் சடம், அதற்குத் தானாக வந்து ஒட்டத் தெரியாது, இறைவன்தான் அதைக் கூட்டுவிக்கிறான் என்றும் சொன்னார். அந்த இடம் எனக்கு இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை.

"அப்ப எங்கப்பா சாவு?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "சாவு கருவுல பட்டது தம்பி. 78-ங்கிற எண் கருவுல படலை. அது ஒரு ஆள் சொன்னது. ரெண்டையும் ஒண்ணாக்காதே."

அந்த ஒரு பேச்சுக்காக அவரை நான் மறக்கவே மாட்டேன். ஆனாலும் அந்தச் சொல் இதுவரை என் வாயில் வரவில்லை. உங்களுக்கு எப்படி?

காயல்வாசி:

உங்கள் அப்பாவுக்காக மனம் வலிக்கிறது சகோதரரே.

எங்கள் மார்க்கத்தில் ஈமானின் ஆறு கடமைகளில் கத்ரை, அதாவது விதியை, நம்புவதும் ஒன்று. நன்மையோ தீமையோ, அல்லாஹ்வின் ஏற்பாட்டில்தான் நடக்கிறது என்பதை மனசார ஏற்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் 2020 மார்ச்சில், பள்ளிவாசலை மூடச் சொன்ன வாரத்தில், எங்கள் பெரிய வாப்பா ஒரே பிடிவாதமாக நின்றார். "மவுத்து எழுதின அன்னைக்குத்தான் வரும். வீட்டுக்குள்ள ஒளிஞ்சா விட்டுடுமா?" என்றார். அவருக்குச் சர்க்கரையும் உண்டு, மூச்சிரைப்பும் உண்டு. பிள்ளைகள் யார் சொல்லியும் கேட்கவில்லை.

ஆலிம்சா ஒருத்தர் வாசலோடு நின்றுகொண்டார். முகத்தில் கைலேஞ்சியைக் கட்டியிருந்தார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் (சிரியா) தேசத்துக்குப் போகும் வழியில் சர்க் என்ற இடத்தில் அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கிற சேதி கேட்டுத் திரும்ப முடிவெடுத்த வரலாற்றைச் சொன்னார். படைத்தளபதி அபூஉபைதா (ரலி) அவர்கள், "அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். "ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்குத்தான் போகிறோம்" என்று பதில் வந்தது. ஒரு பள்ளத்தாக்கில் ஒரு கரை பச்சை, ஒரு கரை வறட்சி. ஒட்டகத்தைப் பச்சையில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிதான், வறட்சியில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிதான் என்று உமர் அவர்கள் விளக்கியதாக புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

பெரிய வாப்பா உடனே மசியவில்லை. "அபூஉபைதா அவங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டார். அதே நோயில் வஃபாத் ஆனார்கள் என்று ஆலிம்சா மறைக்காமல் சொன்னார். பெரிய வாப்பா நெடுநேரம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே இருந்தார். சொன்னவரும் ஸஹாபி (நபித்தோழர்), கேட்டவரும் ஸஹாபி, யாரையும் குறை சொல்ல முடியாது என்பதுதான் அவரை யோசிக்க வைத்தது என்று நினைக்கிறேன். அந்த வாரம் லுஹரை வீட்டிலேயே தொழுதார். நாங்கள் பின்னால் நின்றோம்.

உத்தரவீதிப் பெண்:

என் அனுபவம் வேறு மாதிரி. விதியைவிட உயிரைப் பற்றியது என்று சொல்லலாம்.

எங்கள் பாட்டிக்குப் பிறந்தகம் வடகலை, புக்ககம் தென்கலை. அதனால் வீட்டில் குரங்கா பூனையா என்ற பேச்சு சாப்பாட்டு நேரத்தில்கூட வரும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அதுபோல் ஜீவனும் தன் பங்குக்குப் பெருமாளைப் பற்ற வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழி வந்தவர்கள் சொல்வது. பூனைக்குட்டி ஒன்றுமே செய்யாது. தாய்ப்பூனை வாயில் கவ்விக்கொண்டு போகும். அவன் கிருபையே போதும் என்பது பிள்ளை லோகாசார்யர் வழி வந்தவர்கள் சொல்வது. பாட்டி கடைசிவரை குரங்குக் கட்சி. "நாம ஒரு விரலையாவது நீட்ட வேண்டாமாடி?" என்பாள்.

2016-ல் பாட்டிக்கு மறதி நோய் என்று தெரிந்தது. முதலில் சமையல் போயிற்று, அப்புறம் எங்கள் பெயர்கள், அப்புறம் திருப்பாவை. மார்கழியில் "மார்கழித் திங்கள்" என்று நான் எடுத்துக் கொடுத்தால் என் வாயையே பார்ப்பாள். ஒன்றே ஒன்று மட்டும் நிலைத்திருந்தது. யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவர்கள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொள்வாள். நாம் எழுந்தால் விடமாட்டாள். விரல் ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எழுந்து போக வேண்டும்.

பெருமாளே நினைவில் இல்லாதவள் எப்படிச் சரணாகதி பண்ணினவள் ஆவாள்? நினைவு அழிந்த பிறகு அந்த ஜீவன் எங்கே நிற்கிறது? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மாமாவிடம் கேட்டேன். வராக சரம ஸ்லோகத்தை அவர் சொன்னார். உடம்பும் மனசும் நன்றாக இருக்கும்போது ஒருத்தன் என்னை நினைத்துவிட்டால் போதும். கடைசியில் அவன் கட்டையாய்க் கல்லாய்க் கிடக்கும்போது அவனை நான் நினைத்துக்கொள்கிறேன் என்று பெருமாள் சொல்வது அது. "அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்" என்று பெரியாழ்வார் பாடியதும் நம் அரங்கனிடம்தானே என்றார்.

கடைசி வாரத்தில் தலைப்பைப் பிடிக்கும் தெம்பும் போய்விட்டது. விரல்கள் விரிந்தே கிடந்தன. மாமா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, "குரங்கு பிடியை விட்டுடுத்து. இனிமே பூனை வந்து தூக்கிண்டு போகணும்" என்றார். இரண்டு கட்சியும் ஒரே ஜீவனைப் பற்றித்தான் பேசின என்று எனக்கு அப்போது தோன்றியது. பெரியவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், தெரியும்.

பாளை நர்ஸ்:

நான் சி.எஸ்.ஐ. சபை. 1947-ல் எங்கள் சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். தேவன் முன்குறித்தவர்களே இரட்சிக்கப்படுவார்கள் என்ற கால்வின் வழியும், மனுஷன் கிருபையை ஏற்கவும் தள்ளவும் கூடும் என்ற வெஸ்லி வழியும் இன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. எங்களில் பாதிப்பேருக்கு இது தெரியவே தெரியாது.

வார்டில் இருபது வருடம் வேலை பார்க்கிறேன். "தேவ சித்தம்" என்று சொல்லாத கிறிஸ்தவக் குடும்பத்தை நான் பார்த்ததில்லை. சிலர் அதைச் சொல்லிவிட்டு மாத்திரையை நிறுத்துவார்கள். மனசு பதறும். ஒரு அம்மா மட்டும் வேறு மாதிரி. மகனுக்கு ஆபரேஷன். தியேட்டர் வாசலில் முட்டிபோட்டு, "இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்பதையே அரை மணி நேரம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "மிச்சத்தையும் சொல்லுங்க அக்கா, உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவதுன்னு" என்றேன். அவர்கள் திரும்பிப் பார்த்து, "இயேசப்பாவே முதல்ல கேட்டுட்டுத்தானேம்மா அதைச் சொன்னாரு? நான் இன்னும் கேட்டு முடிக்கல" என்றார்கள்.

பையன் பிழைத்தான். பிழைக்காமல் போயிருந்தாலும் அந்த அம்மாவை நான் இங்கே எழுதியிருப்பேன்.

கல்வெட்டுப் பிரியன்:

சின்னதாக ஒன்று. பீகாரில் கயை பக்கம் பராபர் குகைகளுக்குப் போயிருந்தேன். அசோகர் பட்டம் ஏறிய 12-ம் ஆண்டில் ஆசீவகர்களுக்குக் கொடுத்த குகைகள் அங்கே இருக்கின்றன. நம் மணிமேகலையிலும் நீலகேசியிலும் வாதாட வருகிறார்களே, அதே ஆசீவகர்கள். நியதி ஒன்றே உண்டு, மனித முயற்சி என்று ஒன்று கிடையாது என்பது அவர்களின் தலைவர் மற்கலி கோசாலர் கொள்கை. உருட்டிவிட்ட நூற்கண்டு நூல் தீரும்வரை ஓடி நிற்பதுபோல் உயிரும் தன் பிறவிகளை ஓடித் தீர்க்கும் என்பார்கள்.

உள்ளே சுவரைத் தொட்டேன். கருங்கல்லைக் கண்ணாடியாக இழைத்திருக்கிறார்கள். டார்ச் அடித்தால் நம் முகம் தெரிகிறது. காவலாளி ஒருமுறை கைதட்டினார். சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று நம்பியவர்கள் தங்க, எத்தனை பேர் எத்தனை மாதம் இதைத் தேய்த்திருப்பார்கள்! அந்த ஆசீவகர்களும் சும்மா இருந்தவர்கள் இல்லை, கடும் நோன்பு நோற்றவர்கள். ஏன் நோற்றார்கள் என்று அந்த இருட்டில் நின்று யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

சீர்காழிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பாளை அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

போன மாதம் ராத்திரி ஒரு மணிக்கு அம்மா என் கதவைத் தட்டினாள். "நெஞ்சை அடைக்குதுடா. கார் சொல்லு" என்றாள். அவளே புடவை மாற்றி, பழைய மாத்திரைச் சீட்டுகளைப் பையில் போட்டுத் தயாராக நின்றாள். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மாரடைப்பு இல்லை, ரத்தக்கொதிப்புதான் ஏறியிருக்கிறது என்று ஊசி போட்டுக் காலையில் அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது விடிந்துகொண்டிருந்தது. கோபுரம் தெரிந்ததும் அம்மா வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "அன்னைக்கு அந்த விளக்கை நான் அணைச்சிருக்கக் கூடாது. பக்கத்துலயே படுத்திருந்தேன். அவர் கையைத் தொட்டாவது பார்த்திருக்கலாம்" என்றாள். பன்னிரண்டு வருடத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. அவளும் அதையே சுமந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "விதிம்மா" என்றேன்.