சாயங்காலம் மாடியில உக்காந்து பறவை பாக்கறவங்க யாராவது இருக்கீங்களா?

மொட்டைமாடி: வெயில் இறங்கினதும் சேரைப் போட்டு சும்மா உக்காந்துடறேன், ஃபோன்கூட உள்ள வச்சிட்டு. சத்தம் நிறைய கேக்குது, எது எந்தப் பறவைன்னுதான் புரியல, எழுந்து கிட்ட போனா பறந்துடுது. கறுப்பு வெள்ளையில ஒண்ணு ஆன்டெனா உச்சியில உக்காந்து வாலைத் தூக்கித் தூக்கி விசில் அடிக்குதே, அது என்ன? பைனாகுலர் வாங்கணுமா?

கூகை: அது குண்டுக்கரிச்சான்ங்க, ஆண். இப்ப ஜோடி சேர்ற டைம், அதான் உச்சாணியில கச்சேரி. நடுவுல மத்த பறவை குரலையும் மிமிக்ரி பண்ணும், நான் நல்லா ஏமாந்திருக்கேன். கிட்ட போகாதீங்க, 20 நிமிஷம் ஆடாம அசையாம உக்காருங்க, அதுங்களே வரும். இருட்டினப்புறமும் கொஞ்சம் இருந்து பாருங்க, புள்ளி ஆந்தை கம்பி மேல வந்து உக்காந்து தலையை மேலயும் கீழயும் ஆட்டி நம்மள முறைக்கும், செம காமெடி.

தவிட்டுக்குருவி: பைனாகுலர்னா 8 மடங்கு, 42 மிமீ லென்ஸ் போதும், மங்கல் வெளிச்சத்துலயும் தெளிவா தெரியும். குரலைக் கேட்டு எந்தப் பறவைன்னு சொல்ற மெர்லின் ஆப் ஃப்ரீதான், ஆனா அதுக்கு ஃபோனை வெளிய எடுக்கணுமே 😄 ரெக்கார்டு பண்ணின குரலை மட்டும் திருப்பிப் போட்டுக் காட்டாதீங்க, எதிரி வந்துட்டான்னு நினைச்சு பாவம் டென்ஷன் ஆயிடும்.

மொட்டைமாடி: ஓ அப்ப கூஊ கூஊன்னு ஏறிக்கிட்டே போறது குயில்தானே?

கூகை: ஆமா, அதுவும் ஆண்தான். பொண்ணு கிக் கிக்குன்னுதான் கத்தும், புள்ளி புள்ளியா இருக்கும்.