வளைவில் ஒழுகிய பசை: தேக்குக் கிதார் உடலை எப்படிக் காப்பாற்றுவது?

திருநகர் கிதார்:
வணக்கம். மதுரையில் இருந்து எழுதுகிறேன். முதல் முறையாக ஓர் எலெக்ட்ரிக் கிதார் செய்து கொண்டிருக்கிறேன். மரம், தாத்தா வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த தேக்கு உத்திரம். முன்முகம் தட்டை. கை தங்கும் இடத்தில் சரிவு, பின்னால் வயிறு படும் இடத்தில் குழிவு, இடுப்பில் நல்ல வளைவு.

தேக்கின் துளைகள் பெரியவை. மேலே அடிக்கும் லாக்கர் (பளபளப்பான வார்னிஷ் பூச்சு) கண்ணாடி மாதிரி வர வேண்டும் என்று துளைகளைத் தண்ணியான சூப்பர் குளூவால் அடைக்கத் தொடங்கினேன். முன்முகத்தில் பழைய ஏடிஎம் கார்டால் இழுத்தேன், அருமையாக வந்தது. பக்கவாட்டில் கார்டு வளைவோடு படியவே இல்லை. பசை ஒழுகிக் கீழ் விளிம்பில் மெழுகுவத்தி போலச் சொட்டுச் சொட்டாக உறைந்தது. பதறிப்போய் பழைய பனியன் துணியால் துடைத்தேன். துணி சூடாகிப் புகைந்து, விரலில் கொப்புளம். இன்று சாயம் பூசினால் வளைவு முழுக்க வெளிறிய திட்டுகள். அசிட்டோன் ஊற்றிக் கழுவிவிடலாமா? இன்னொரு உத்திரத்துக்கு நான் எங்கே போவேன்?

ஒத்தக்கடை:
முதலில் விரலைப் பாருங்க தம்பி. பருத்தி பட்டால் அந்தப் பசை ஒரே நொடியில் இறுகும், அப்போது வரும் சூடு தோலைச் சுட்டுவிடும். பனியன், பஞ்சு, வேஸ்ட் துணி எதுவும் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. நானாக இருந்தால் பசையே வேண்டாம் என்று சாண்டிங் சீலர் (துளையை அடைக்கும் அடிப்பூச்சு) நாலைந்து கோட் அடித்துத் தேய்த்திருப்பேன்.

செல்லூர்ப் பட்டறை:
சீலர் நல்ல வழிதான். ஆனால் தேக்கு மாதிரி பெரிய துளையில் அது நாளாக நாளாகச் சுருங்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மர ரேகை மறுபடி குழிவாகத் தெரியும். தம்பி பசையைத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை.

அசிட்டோன் ஊற்றாதீங்க. அது பசையை இளக்கி இன்னும் உள்ளே இறக்கும். முதலில் சொட்டுகளை மட்டும் சுரண்டி எடுங்க. ஆக்சா பிளேடு துண்டின் முதுகுப்பக்கம் போதும், குழிவுக்கு உடைந்த கண்ணாடிச் சில்லு. நம்ம ஊர் ஆசாரிகள் அதை வைத்தே எவ்வளவு நேர்த்தியாக இழைப்பார்கள் தெரியுமா! கை வெட்டாமல் இருக்கத் துணி சுற்றிக்கொள்ளுங்க, பசை இறுகிவிட்டதால் இப்போது பயமில்லை. அப்புறம் 180 நம்பர் உப்புத்தாள், பிறகு அதைவிட நைசான 240. வளைவுக்கு ஏற்ற மாதிரி பழைய ரப்பர் செருப்பு அடியை வெட்டி அதில் தாளைச் சுற்றித் தேயுங்க. வெறும் விரலால் தேய்த்தால் அங்கங்கே பள்ளம் விழும்.

எதுவரை தேய்ப்பது என்றால், பசை துளைக்குள் மட்டும் இருக்க வேண்டும், மரத்தின் மேல் இருக்கவே கூடாது. மேலே படலம் மிச்சம் இருந்தால் சாயம் உள்ளே இறங்காது, உங்களுக்கு வந்த திட்டு அதுதான். டார்ச்சைப் படுக்கை வாட்டில் பிடித்துப் பாருங்க. பளபளப்பு தெரிகிற இடமெல்லாம் பசை.

மறுபடி பூசும்போது, எந்த இடத்தில் பூசுகிறீங்களோ அந்த இடம் மேலே பார்த்துப் படுக்கையாக இருக்கும்படி உடலைத் திருப்பி வையுங்க. ஒரு தடவைக்கு உள்ளங்கை அளவுதான். கார்டு வேண்டாம். கழுவிக் காய்ந்த பால் பாக்கெட்டை விரலில் சுற்றிக்கொள்ளுங்க, அந்த பாலித்தீனில் பசை ஒட்டாது, வளைவோடு வளைந்தும் கொடுக்கும். ரேகைக்குக் குறுக்கே சாய்வாக இழுத்து, மிச்சத்தை வழித்துவிடுங்க. இடுப்பிலும் கொம்பிலும் (கிதார் கழுத்துக்கு இருபுறமும் நீட்டி நிற்கும் முனைகள்) நார் வெட்டுப்பட்டு நிற்கிற இடம் பசையை உறிஞ்சிக் கறுக்கும். அங்கே இன்னும் குறைவாகத் தொடுங்க. மெல்லிய பூச்சு இரண்டு, நடுவில் தேய்ப்பு.

திருநகர் கிதார்:
ரொம்ப நன்றி அண்ணே. பெவிகாலில் தண்ணீர் கலந்து பூசச் சொல்கிறார் ஒரு நண்பர், அது சரியா? தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது என்றும் கேள்விப்பட்டேன்.

செல்லூர்ப் பட்டறை:
பெவிகால் மரத்தை ஒட்டுவதற்கு. துளைக்குப் போட்டால் தண்ணீர் ஆவியாகிச் சுருங்கும், தேய்க்கிற சூட்டில் பிசுபிசுத்து உப்புத்தாளை அடைக்கும். வேண்டாம். எண்ணெய் விஷயம் உண்மைதான். பூசுவதற்குச் சற்று முன் தின்னரால் துடையுங்க, காய்ந்ததும் தாமதிக்காமல் பூசுங்க. அவசரமில்லை என்றால், மெதுவாக இறுகும் இரண்டு டியூப் எப்பாக்சி வளைவுக்கு இன்னும் சுலபம். இழுத்துப் பரப்ப நிறைய நேரம் தரும். ஒரு நாள் முழுக்க விட்டுத் தேய்க்கணும், அவ்வளவுதான்.

சாயத்தை முதலில் ஒரு துண்டு மரத்தில் போட்டுப் பாருங்க. கழுத்து உட்காரும் பள்ளத்தில் டேப் ஒட்டி மூடிவிடுங்க, உள்ளே பசை இறங்கினால் கழுத்து சரியாக உட்காராது. பசையின் ஆவி மூச்சுக்கும் கண்ணுக்கும் எரியும், மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்க.

திருநகர் கிதார்:
நாலு நாள் ஆயிற்று. சுரண்டித் தேய்த்ததில் திட்டு எல்லாம் போய்விட்டது. குழிவில் எப்பாக்சி, பக்கங்களில் பால் பாக்கெட் முறை. சாயம் ஒரே சீராக இறங்கியிருக்கிறது. இடது கொம்பின் நுனியில் மட்டும் விரல் நகம் அளவுக்குக் கறுப்பு. அதையும் தேய்க்கவா?

செல்லூர்ப் பட்டறை:
தேய்க்காதீங்க, சுற்றிலும் சாயம் வெளுத்துவிடும். லாக்கரில் துளி சாயம் கலந்து விளிம்பு முழுக்க ஒரு கோட் அடியுங்க. கறுப்பு அதில் கலந்துவிடும்.