ஃபிக்ஸருக்கு பேட்டன்ட், ஹார்டனிங்குக்கு ரகசியம்: சரிவருமா?

பட்டறை_மூலை:
ஹார்டனிங்கில், அதாவது சூடாக்கி எண்ணெயில் குளிரவைத்துக் கடினமாக்கும்போது, கியர் கோணாமல் பிடிக்க ஒரு புது ஃபிக்ஸர் (பிடிப்புச் சாதனம்). அதோடு சூடு, நேரம், எண்ணெய்க் கணக்கு. ஃபிக்ஸரை மட்டும் விற்கலாம் என்று திட்டம். இரண்டையும் ஒரே பேட்டன்டில் போடுவதா, கணக்கை வெளியே விடாமல் வைப்பதா?

விண்ணப்பம்2:
ஃபிக்ஸரை வாங்குகிறவர் அன்றைக்கே வெர்னியர் வைத்து அளந்துவிடுவார். அதில் ரகசியம் நிற்காது, பேட்டன்ட் போடுங்கள். ஆனால் விற்பதற்கு, கண்காட்சியில் வைப்பதற்கு முன்பே தற்காலிக விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் விற்றால் புதுமை போச்சு. தனிநபருக்கு ஆன்லைனில் 1600 ரூபாய். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தர வேண்டும். 18 மாதம் ஆனதும் பேட்டன்ட் அலுவலக இதழில் வெளியாகும், யாரும் படிக்கலாம். பேட்டன்ட் அலுவலகப் பரிசோதனையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், இப்போது கெடு 31 மாதம். தானாக நடக்கும் என்று உட்கார்ந்திருந்தால் விண்ணப்பம் செத்துவிடும்.

கணக்கு விஷயம் வேறு. கியரை அறுத்து, நைட்டல் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசல்) தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உள்கட்டமைப்பு தெரியும். எத்தனை நிமிடம் சூட்டில் வைத்தீர்கள், எண்ணெய் என்ன சூட்டில் இருந்தது என்பது அவ்வளவு லேசில் பிடிபடாது. பேட்டன்ட் எடுத்தாலோ, அடுத்தவர் பட்டறைக்குள் அதே கணக்குதான் ஓடுகிறது என்று நிரூபிக்க அலைய வேண்டும்.

உலைக்களம்:
ஒரு இடத்தில் மாட்டுவீர்கள். தெரிந்ததில் சிறந்த முறையை விவரக்குறிப்பில் எழுதியாக வேண்டும், இந்தியப் பேட்டன்ட் சட்டப் பிரிவு 10(4). மறைத்தால் பின்னால் பேட்டன்டையே ரத்து செய்யக் கேட்கலாம். ஃபிக்ஸர் உங்கள் கணக்கில் மட்டும்தான் கோணலைத் தடுக்கிறதா, வழக்கமான ஹார்டனிங்கிலும் தடுக்கிறதா? முதல் ரகம் என்றால் இரண்டையும் பிரிக்க முடியாது. இன்னொன்று: ரகசியத்துக்கு இங்கே தனிச்சட்டம் இல்லை, ஒப்பந்தம்தான் துணை. அடுத்தவர் தானாகவே கண்டுபிடித்துவிட்டால் கேட்க நாதியில்லை.

நீராவி:
மூன்றாவது வழியும் உண்டு: எல்லோருக்கும் தெரிய வெளியிட்டுவிடுவது. ஜேம்ஸ் வாட்டின் 1769 நீராவி எஞ்சின் பேட்டன்ட், 1775இல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டத்தால் 1800 வரை நீண்டது. அது முடிந்தபின், 1811 முதல், இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் எந்த எஞ்சின் ஒரு புஷல் (பழைய முகத்தல் அளவு) நிலக்கரிக்கு எத்தனை பவுண்டு தண்ணீரை ஒரு அடி உயரம் தூக்கியது என்று மாதாமாதம் அச்சிட்டார்கள். நல்ல எஞ்சினின் அமைப்பை மற்றவர்கள் எடுத்தாண்டார்கள், கரிச்செலவு இறங்கியது. சுரங்கக்காரர்கள் விற்றது எஞ்சினை அல்ல, தாதுவை. அதனால்தான் பகிர்வது கட்டுப்படியானது. உங்கள் வருமானமும் ஃபிக்ஸரில் இல்லாமல் கியரில் இருந்தால், ஃபிக்ஸர் வரைபடத்தைத் தேதியோடு வெளியிட்டுவிடுங்கள். பிறகு அதே ஃபிக்ஸருக்கு வேறு யாரும் பேட்டன்ட் வாங்கி உங்களைத் தடுக்க வழியில்லை.