புதுப்பிப்பு: வில்வித்தைத் திடலின் தடுப்புவலை இன்னும் மாற்றப்படவில்லை
சென்னையில் நாங்கள் பயிற்சி செய்யும் பொது வில்வித்தைத் திடலில் இலக்குப் பலகைகள் மழையில் நைந்து கிடப்பதையும், பின்புறத் தடுப்புவலை கிழிந்திருப்பதையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். மனு கொடுத்த பின் புல் வெட்டப்பட்டது. வலை அப்படியேதான் இருக்கிறது. 70 மீட்டர் தொலைவிலிருந்து 122 செ.மீ. இலக்குத்தாளை நோக்கி எய்யப்படும் ரிகர்வ் (முனைகள் முன்னோக்கி வளைந்த) வில்லின் அம்பு, உள்ளே மட்கிப்போன வைக்கோல் பலகையை ஊடுருவி மறுபக்கம் வெளியேறினால், அதைத் தடுக்க அந்த வலையைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதால்தான் இதை மீண்டும் வலியுறுத்துகிறேன். நேற்று ஒரு சிறுமியின் அம்பு அவ்வாறே துளைத்துச் சென்று, சுற்றுச்சுவரை ஒட்டிய சேற்றில் இறகுவரை புதைந்து நின்றது; சுவருக்கு அப்பால் நடைபாதை. (பலகைகளை மூடத் தார்ப்பாயைக்கூட நாங்களே வாங்கிக் கட்டினோம்.) வலை மாறும்வரை அந்தப் பக்கத்து இரண்டு இலக்குகளில் எய்வதில்லை என்று பெற்றோரும் பயிற்சியாளரும் முடிவுசெய்துள்ளனர், மனுவைப் புகைப்படங்களுடன் இன்று மீண்டும் அளித்திருக்கிறேன்.