முழுப் பணமும் கட்டியாயிற்று, இப்போது கப்பலின் பாதையை மாற்றிவிட்டார்கள். ரத்து செய்ய வழி உண்டா?

மேல்தளம்:

வணக்கம். அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மத்தியதரைக் கடலில் ஒரு சொகுசுக் கப்பல் பயணம் போகப் பதிவு செய்திருக்கிறேன். ஏதென்ஸில் ஏறி, வழியில் மான்டெனெக்ரோவின் கோடோரையும் பார்த்துவிட்டு, வெனிஸில் இறங்குவதாக ஏற்பாடு. பாக்கித் தொகையையும் கட்டியாகிவிட்டது. இப்போது கப்பல் நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது: சாண்டோரினி கிடையாது, அன்று முழுக்கக் கடலிலேயே இருப்போமாம். வெனிஸும் கிடையாது, ராவென்னா என்ற வேறொரு இத்தாலியத் துறைமுகத்தில் இறக்கிவிடுவார்களாம். காரணம் கேட்டால் "செயல்பாட்டுத் தேவைகள்". சமாதானத்துக்கு அறைக்கு இவ்வளவு என்று கொஞ்சம் ஆன்போர்டு கிரெடிட், அதாவது கப்பலுக்குள்ளேயே செலவழிக்கும் தொகை.

அம்மாவுக்கு ஆசையே அந்த இரண்டு ஊரும்தான். ரத்து செய்தால் அபராதம் நூறு சதவீதம் என்று ஏஜென்ட் கையை விரிக்கிறார். உண்மையிலேயே வேறு வழியில்லையா? இன்னும் இரண்டு சந்தேகம்: "எல்லாம் அடக்கம்" என்றால் எதெல்லாம் அடக்கம்? அம்மா வாக்கர் பிடித்து நடப்பவர், அப்பா தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க இரவில் சிபேப் கருவி மாட்டிக்கொண்டு தூங்குபவர். இதையெல்லாம் கப்பலில் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

உப்புக்காற்று:

பயணிகளுக்கு உரிமைப் பட்டியலே இருக்கிறதே! 2013-இல் கப்பல் நிறுவனங்களின் சங்கமான கிளியா வெளியிட்டது. ரீஃபண்ட் தருவோம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் கடல் பயணிகளுக்குத் தனிச் சட்டம் உண்டு, எண் 1177/2010. இரண்டையும் எடுத்து முகத்தில் வீசுங்கள்.

நங்கூரம்:

உப்புக்காற்று, இரண்டும் இங்கே செல்லாது. கிளியா பட்டியல் ரீஃபண்ட் பற்றிப் பேசுவது இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானாலோ பாதியில் முடிந்தாலோதான். நடுக்கடலில் மின்சாரம் போய்க் கப்பல்கள் தத்தளித்த காலத்தில் வந்தது அது. 1177/2010 சட்டம் ஐரோப்பியத் துறைமுகத்தில் கிளம்பும் உல்லாசக் கப்பல்களுக்கும் பொருந்தும், சரி. ஆனால் தாமதத்துக்கு இழப்பீடு தரும் பிரிவிலிருந்து அவற்றுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். அதை நம்பிக் கடிதம் எழுதினால் ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

மேல்தளம், முதலில் இதைச் சொல்லுங்கள்: டிக்கெட்டை விற்றது யார், எந்த நாட்டில்? இன்வாய்ஸில் விற்பனையாளர் என்று அச்சாகியிருக்கும் பெயர்தான் வேண்டும். உங்களோடு போனில் பேசுகிறவரின் பெயர் உதவாது.

ஏன் கேட்கிறேன் என்றால், கப்பல் நிறுவனத்தின் பயண ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், எந்த நிறுவனமானாலும் ஏறக்குறைய ஒரே பாட்டுதான்: எந்தத் துறைமுகத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் விடலாம், மாற்றலாம், இழப்பீடு கேட்க முடியாது. சொகுசு அறைக்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்திருந்தாலும் அந்தப் பத்தி மாறாது. பட்லர் வருவார், ஷாம்பெய்ன் வரும், ஒப்பந்தம் மட்டும் சாதாரணக் கப்பலுக்கு உள்ளதேதான்.

ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்திலோ பிரிட்டனிலோ விற்ற பயணமாக இருந்தால் அதற்கு மேல் ஒரு சட்டம் நிற்கிறது. பேக்கேஜ் பயணச் சட்டம். ஐரோப்பாவில் 2015-இன் உத்தரவு, பிரிட்டனில் 2018-இன் விதிகள். போக்குவரத்தும் தங்குமிடமும் சேர்ந்தே வருவதால் கப்பல் பயணமே ஒரு பேக்கேஜ்தான். போகும் இடங்களும் பாதையும் அதன் முக்கிய அம்சங்கள். கிளம்புவதற்கு முன் அவற்றைப் பெரிய அளவில் மாற்றினால் அபராதமில்லாமல் விலகிக்கொள்ளலாம், 14 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஒரு சின்னத் தீவை விட்டால் பெரிய மாற்றம் என்று வாதாடுவது கஷ்டம். பயணம் முடியும் ஊரே மாறியிருப்பதால் உங்களுக்குப் பிடி இருக்கிறது.

கிரெடிட்டை "ஏற்கிறேன்" என்று ஏதாவது பொத்தான் இருந்தால் இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். பாதை மாற்றத்துக்கு நீங்கள் சம்மதித்ததாக நாளை அதையே காட்டுவார்கள்.

கரைவாசி:

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைத்திருந்தால் மறந்துவிடுங்கள். நோய், விபத்து மாதிரியான காரணங்களுக்குத்தான் சாதாரண பாலிசி பணம் தரும். பாதை பிடிக்கவில்லை என்பது அதில் காரணமே இல்லை. எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்ற வகை பாலிசியைப் பெரும்பாலும் முதல் டெபாசிட் கட்டிய சில நாட்களுக்குள் வாங்கியிருக்க வேண்டும், அதிலும் முழுப் பணம் வராது. கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கலாம் என்று யாராவது வருவார்கள். ஒப்பந்தத்திலேயே அனுமதி இருக்கும்போது அது பெரும்பாலும் நிற்காது.

வெனிஸ் விஷயத்தில் ஒன்று. 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் புகழ்பெற்ற சான் மார்கோ சதுக்கத்துக்கு முன்னால் போகத் தடை. சொகுசுக் கப்பல்களே பல 40,000 டன்னைத் தாண்டும். அதனால் அட்டவணையில் "வெனிஸ்" என்று போட்டுவிட்டு ராவென்னாவிலோ திரியெஸ்தேவிலோ நிறுத்துவது சகஜமாகிவிட்டது. அங்கிருந்து வெனிஸுக்குப் பேருந்து ஏற்பாடு செய்கிறார்களா, அது இலவசமா, விமானத்தை எங்கிருந்து பிடிப்பது என்று எழுதிக் கேளுங்கள். விமான டிக்கெட் தனியாக வாங்கியிருந்தால் உண்மையான தலைவலி அதுதான்.

விட்ட துறைமுகத்தின் வரியையும் கேளுங்கள். சாண்டோரினிக்கும் மைகோனோஸுக்கும் கிரேக்க அரசு 2025 ஜூலையிலிருந்து கோடைக்காலத்தில் ஆளுக்கு 20 யூரோ வாங்குகிறது. உங்கள் கட்டணத்தில் அது சேர்ந்திருந்தால் திரும்ப வர வேண்டிய பணம்.

பெட்டிபடுக்கை:

மேல்தளம், இதைச் சொன்னால் கோபப்படக் கூடாது. சாண்டோரினியில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. வெளியே நிற்கும், டெண்டர் படகில் இறங்கித்தான் போக வேண்டும். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து ஒரு சின்னத் தட்டு, அதிலிருந்து படகுக்கு ஓர் எட்டு. அலை ஏறும்போது படகு முழங்கால் உயரத்துக்கு மேலே போய்க் கீழே வரும். இரண்டு பணியாளர்கள் கையைப் பிடித்து "இப்போ" என்று சொல்லும் நொடியில் கால் வைக்க வேண்டும். வாக்கரை அவர்கள் மடித்து வாங்கிக்கொள்வார்கள், ஆளைத் தூக்க மாட்டார்கள். அலை அதிகமென்றால் அன்று வேண்டாம் என்று தடுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கரையில் இறங்கினால் மேலே ஊருக்குக் கேபிள் கார், அதற்கு நல்ல கூட்டம். அம்மா கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்தபடி அந்த வெள்ளை ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கவும் வாய்ப்புண்டு. வாக்கர் பிடிப்பவர்களோடு போவதானால் அட்டவணையில் "டெண்டர்" குறி எத்தனை ஊருக்கு இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள்.

சிபேப்புக்குத் தடையில்லை. சிறப்புத் தேவைப் படிவம் என்று ஒன்று தருவார்கள், அதில் எழுதிவிட்டால் வடித்த நீரும் நீட்டிப்பு ஒயரும் அறையிலேயே வைத்துவிடுவார்கள். சொந்தமாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோக வேண்டாம், அதிலும் சர்ஜ் பாதுகாப்பு உள்ளதென்றால் ஏறும்போதே பிடுங்கி வைத்துவிடுவார்கள். கருவியைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள், பெட்டி அறைக்கு வரச் சாயங்காலம் ஆகும்.

"எல்லாம் அடக்கம்" நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ரீஜென்ட்டில் கரைச் சுற்றுலாக்கள்கூடப் பெரும்பாலும் கட்டணத்திலேயே வந்துவிடும். சீபோர்னில் மதுவும் டிப்ஸும் அடக்கம், கரைச் சுற்றுலாவுக்குத் தனிக் காசு. வைக்கிங்கின் கடல் கப்பல்களில் மதிய, இரவு உணவோடு பீரும் வைனும் உண்டு, மற்றபடி பானங்களுக்கு பேக்கேஜ் வாங்க வேண்டும். பெரும்பாலான கப்பல்களில் அடக்கமில்லாதது மருத்துவர். பார்த்தால் பில், ஊசி போட்டால் பில், அது அறைக் கணக்கில் ஏறும். நடுவில் இறக்கி ஹெலிகாப்டரில் கொண்டுபோக நேர்ந்தால் தொகை தாங்காது. ரத்துக்கு உதவாவிட்டாலும் இன்ஷூரன்ஸ் இதற்குக் கட்டாயம் வேண்டும். பெற்றோருக்கு ஏற்கெனவே இருக்கும் நோய்களை மறைக்காமல் எழுதி வாங்குங்கள்.

மேல்தளம்:

எல்லோருக்கும் நன்றி. டெண்டர் விஷயம் யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை. அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன், "அப்படியா, வெனிஸ் போதும்" என்கிறார்.

இன்வாய்ஸில் விற்பனையாளர் ஜெர்மனியில் பதிவான ஓர் ஏஜென்சி. விமானமும் கப்பலும் ஒரே பேக்கேஜ். நங்கூரம் சொன்னபடி பேக்கேஜ் சட்டத்தைக் குறிப்பிட்டு, இறங்கும் ஊர் மாறியது பெரிய மாற்றம் என்று அவர்களுக்கே நேராக எழுதினேன். நூறு சதவீத அபராதப் பேச்சு அத்தோடு நின்றது. இப்போது இரண்டு வழி தருகிறார்கள்: முழு ரீஃபண்ட், அல்லது ராவென்னாவில் இறங்கி அவர்கள் செலவில் வெனிஸுக்குப் பேருந்து, ஓர் இரவு ஹோட்டல், விமானத்தை மறுநாளைக்கு மாற்றித் தருவது. ஒரு தேதிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவதை எடுத்தால் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

நங்கூரம்:

அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள். பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. இரண்டாவதுதான் என்றால் ஹோட்டலின் பெயர், பேருந்தில் வாக்கரோடு ஏற வசதி, புதிய விமான எண், மூன்றும் திருத்திய இன்வாய்ஸில் வரட்டும். அதற்குப் பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால் இன்னொன்று: கோடோர், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்கு வெளியே. அங்கே போய்விட்டு இத்தாலிக்குள் வருவது இரண்டாவது நுழைவு. பலமுறை நுழைவு விசா இல்லாவிட்டால் ஏதென்ஸிலேயே ஏற்ற மாட்டார்கள். ஓர் இரவு கூடுவதால் விசா முடியும் தேதியும் சரிதானா என்று பாருங்கள்.

பெட்டிபடுக்கை:

ஆன்போர்டு கிரெடிட் இன்னும் கைவசம் இருந்தால், அது பணமாகத் திரும்பும் வகையா, செலவழித்தே தீர வேண்டிய வகையா என்று கேட்டு வையுங்கள். இரண்டாவது வகை கடைசி இரவோடு காலாவதி. டிப்ஸும் மதுவும் அடக்கமான கப்பலில் அதைச் செலவழிக்க ஸ்பாவும் கடையும் கரைச் சுற்றுலாவும்தான் மிஞ்சும். கோடோரில் மாடிப்படி இல்லாத சுற்றுலா ஏதாவது இருந்தால் அதில் போட்டுவிடுங்கள், நல்லவை சீக்கிரம் நிரம்பிவிடும்.