விக்கிரவாண்டியில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்: படம் பார்த்து அழுது மாட்டிக்கொண்ட கதைகள்

பின்சீட்டு:
நேரே விஷயத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து ஊருக்குப் போகிற ராத்திரி பஸ், டிவியில் பரியேறும் பெருமாள். 2018ல் வந்த படத்தை அதுவரை பார்க்காமல் தள்ளிப்போட்டு வந்தேன், காரணம் அப்புறம். கருப்பி தண்டவாளத்தில் கிடக்கும் இடத்தை ஜன்னல் பக்கம் திரும்பிச் சமாளித்துவிட்டேன். நாயைப் பற்றித்தான் ஊரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறதே. கதாநாயகனுக்குக் கூத்தாடுகிற அப்பா என்று தெரியும், அவருக்கு என்ன நடக்கும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பெரியவரின் வேட்டியை உருவிவிடுகிறார்கள், அவர் பட்டப்பகலில் ரோட்டில் ஓடுகிறார் பாருங்கள், அங்கே போயிற்று. கண்ணீர் மட்டும் என்றால் பரவாயில்லை, விக்கல் மாதிரி சத்தம் வேறு.

சரியாக அப்போது விளக்கைப் போட்டார்கள். விக்கிரவாண்டி. "பத்து நிமிஷம் நிக்கும், டீ காபி குடிக்கிறவங்க குடிச்சிருங்க." பஸ் முழுக்க வெளிச்சம். பக்கத்து சீட்டுக்காரருக்கு அறுபது வயது இருக்கும், குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். செருப்பு அவர் காலிலேயே இருந்தது.

காரணம் இதுதான். என் அப்பா நையாண்டி மேளத்தில் தவில் அடிப்பவர். நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, ஒரு கோயில் கொடை முடிந்த கையோடு, நெற்றிக் குங்குமம்கூட அழியாமல் விடுதி வாசலில் வந்து நின்றார். யார் என்று பையன்கள் கேட்டார்கள். "ஊர்க்காரர்" என்றேன். அவர் காதில் விழுந்ததா இல்லையா, இன்றுவரை தெரியாது.

மாவுமில் வீட்டுக்காரி:
எனக்கு என் பெரியத்தை கதைதான் ஞாபகம் வருகிறது. மெட்டி ஒலி சன் டிவியில் ஓடிய காலம், 2002லிருந்து 2005 வரை. அம்மா இல்லாத ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய் நிற்கும் அப்பாவாக நடிகர் டெல்லி குமார். தெரியாதவர்கள் வீட்டில் கேளுங்கள். பெரியத்தை அப்போது தன் தங்கையோடு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார். பாட்டியின் ஒரு ஜோடி வளையல் யாருக்கு என்பதில் வந்த சண்டை.

ஒருநாள் விளம்பர இடைவேளையில், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டே எழுந்து போய் லேண்ட்லைனில் தங்கை நம்பரைச் சுழற்றினார். எனக்கு வாயில் போட்ட இட்லி இறங்கவில்லை. "பாக்குறியா?" என்றார். அந்தப் பக்கமும் அழுகை போல. "ம்... ம்... அந்த மனுசன் பாவம்டி." விளம்பரம் முடிந்து பாட்டு வந்ததும் இரண்டு பேரும் டக்கென்று வைத்துவிட்டார்கள்.

சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மறுநாள் கோயிலில் எதிரெதிரே பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனார்கள். 2020 ஊரடங்கில் அதே சீரியலை மறுபடி போட்டார்கள். பெரியத்தை ஒரு நாள் விடாமல் பார்த்தார். அந்த போன் மட்டும் இல்லை, சின்னத்தை அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார்.

தராசு:
சீரியல் பார்த்து அழுவதெல்லாம் கணக்கில் வராது, மன்னிக்கவும். மூன்று வருஷம் தினமும் அரைமணி நேரம் உருக்கினால் இரும்பும் உருகும். அழவைப்பது என்றால் ஒரே காட்சியில், வசனம் இல்லாமல் அழவைக்க வேண்டும். பின்சீட்டு நண்பரே, உங்களிடமும் ஒன்று: பஸ் டிவியில், பாதி ஹாரன் சத்தத்தில் பார்த்ததைப் படம் பார்த்ததாகச் சொல்லாதீர்கள். உங்களை அழவைத்தது உங்கள் குற்ற உணர்ச்சி, படம் இல்லை.

1982ல் வந்த மூன்றாம் பிறைதான் அளவுகோல். கமலுக்கும் முதல் தேசிய விருது, பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவுக்கும் விருது. கடைசிக் காட்சி: கேத்தி ரயில் நிலையம், மழை, தன்னை மறந்துவிட்டவளுக்கு ஞாபகம் வரவைக்கத் தலையில் பானை வைத்துக்கொண்டு குட்டிக்கரணம். நான் அதற்கும் அழவில்லை.

மாவுமில் வீட்டுக்காரி:
குற்ற உணர்ச்சியும் அழுகைதானே தராசு அண்ணா. அழவே அழாதவர் எதற்கு இங்கே எங்கள் கண்ணீருக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

தராசு:
சரி, சொல்லிவிடுகிறேன். அழவில்லை என்பது உண்மை. ஆனால் ஊட்டி ரயிலில் குடும்பத்தோடு போனபோது கேத்தி வந்தது. மகள் படம் எடுக்கச் சொன்னாள். நான் இறங்கவில்லை, கால் வலி என்றேன். கால் வலி இல்லை. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

சுக்குக் காபி:
நான் தங்க மீன்கள் பார்த்து அழுதேன், 2013ல், மனைவி பக்கத்திலேயே. பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத அப்பா. அவ்வளவுதான் என் கதை. ஆனால் இங்கே எல்லாரும் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்தால் சில வழிகள் சொல்லத் தோன்றுகிறது.

முதலில் இசையைக் கவனியுங்கள். காட்சிக்கு ஒரு நொடி முன்பே வயலின் வந்துவிடும். அது கேட்டதும் பாப்கார்ன் பொட்டலத்துக்குள் கையை விட்டுத் தேடத் தொடங்குங்கள், காலியாக இருந்தாலும் சரி. வீட்டில் என்றால் ரிமோட்டில் சத்தத்தை நிறுத்திப் பாருங்கள், முக்கால்வாசிக் காட்சி ஒன்றும் செய்யாது. (மிச்சம் கால்வாசி செய்யும். அதுதான் நல்ல படம் என்று என் கட்சி. தராசு சண்டைக்கு வரலாம்.) அடுத்து, கண்ணீர் வந்தால் துடைக்காதீர்கள், துடைக்கிற கைதான் காட்டிக்கொடுக்கும். கண்ணின் ஓரத்தில் இருக்கும் சின்னக் குழாய் வழியாகக் கண்ணீர் மூக்குக்குள் இறங்குகிறது, அதனால்தான் அழும்போது மூக்கு ஒழுகுகிறது. ஆகவே உறிஞ்சவும் கூடாது, பக்கத்தில் இருப்பவருக்கு அந்தச் சத்தம் போதும். கைக்குட்டை எடுத்துச் செல்லுங்கள், ஆனால் முன்கூட்டியே மடியில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள், வேர்க்கடலை சாப்பிடுகிற மாதிரி. கண்ணாடி போடுகிறவர்கள் துடைக்கிற சாக்கில் கழற்றிவிடலாம், எதிரே இருப்பது மங்கிவிடும், இரட்டை லாபம். இடைவேளையில் முகம் கழுவப் போகாதீர்கள். அங்கே ஏற்கெனவே நாலு ஆண்கள் வரிசையில் நிற்பார்கள், அவர்களும் அதற்குத்தான்.

பின்சீட்டு, உங்களுக்குத் தனியாக ஒன்று. அப்பாவிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். வயதானவர்கள் இதையெல்லாம் மறந்திருப்பார்கள்.

பனங்கட்டி:
நான் டொராண்டோவில் இருக்கிறேன். ஈழத்து அகதித் தாய் விட்டுப்போன பிள்ளையின் கதையான கன்னத்தில் முத்தமிட்டால் வந்த 2002ல் கசட்டில் எடுத்து வீட்டில் எல்லாருமாகப் பார்த்தோம். மாமி, அக்கா, நான், எல்லாரும் அழுகை. கடைசியில் அந்தப் பிள்ளை தன்னைப் பெற்றவளிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிற இடத்தில் மாமியைத் தேற்ற வேண்டியதாகப் போயிற்று. அம்மா மட்டும் அசையவில்லை.

படம் முடிந்த பிறகு அம்மா, "தொடக்கத்தில அந்தப் படகு வருமெல்லே, அதைத் திருப்பிப் போடு" என்றார். போட்டேன். "நிப்பாட்டு." நிறுத்தினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்குக் கிட்டப் போய், விரலால் தொட்டுத் தொட்டு ஆட்களை எண்ணினார். எண்ணி முடித்து, "எங்கட படகில 27 பேர்" என்றுவிட்டுத் தேத்தண்ணி வைக்க எழும்பிப் போய்விட்டார். நாங்கள் வந்து சேர்ந்தது எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், அம்மா அந்த எண்ணைச் சொல்லவில்லை. நான் அழுதது அப்போதுதான். அதற்கு முன்னம் அழுததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சுக்குக் காபி, வயதானவர்கள் மறப்பதில்லை.

சுக்குக் காபி:
தவறுதான். அந்த வரியை விட்டுவிடுங்கள். கைக்குட்டை யோசனை நல்லதுதான்.

பின்சீட்டு:
கேட்கவில்லை. தராசு சொன்னது சுருக்கென்றிருந்தது, பொய் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த அப்பாவாக நடித்த தங்கராசு நிஜத்திலும் கூத்துக் கலைஞர், 2023ல் காலமானார். செய்தியில் அவர் படத்தைப் பார்த்ததும் பஸ் விளக்குதான் ஞாபகம் வந்தது.

போன பொங்கலுக்கு ஊரில் இருந்தேன். டிவியில் அதே படம். மாற்றுகிறேன் என்று ரிமோட்டை எடுத்தேன், "இருக்கட்டும்டே" என்றார் அப்பா. அந்த இடம் நெருங்கும்போது எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாட்டுக்கு நான் அப்போதுதான் காட்டிவிட்டு வந்திருந்தேன். விளம்பரம் வந்த பிறகு திரும்பி வந்து, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓடி முடிச்சிட்டானா?" என்று கேட்டார்.