டிவி கேம் கன்ட்ரோலர்: A அழுத்தினால் கேம் பாஸ் (pause) ஆகிறது, மற்ற பட்டன்கள் வேலை செய்யவில்லை – உதவுங்கள்

கேள்வி:
பரணில் இருந்து பழைய டிவி கேமை எடுத்தேன். தொண்ணூறுகளில் தெருவுக்கு நாலு வீட்டில் இருந்த அதே வகை: நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கேம் மெஷினின் நகல், 60 பின் கேசட், முன்பக்கம் இரண்டு 9 பின் சாக்கெட். மெஷின் நன்றாக ஓடுகிறது. இரண்டாவது கன்ட்ரோலரை முதல் சாக்கெட்டில் மாட்டினால் ஒரு குறையும் இல்லை. முதல் கன்ட்ரோலர்தான் படுத்துகிறது. மாரியோவில் A அழுத்தினால் கேம் பாஸ் ஆகிவிடுகிறது. தலைப்புத் திரையில் A-வைத் தொட்டாலே ஆட்டம் தொடங்கிவிடுகிறது. B, ஸ்டார்ட், செலக்ட், நான்கு திசை, எதற்கும் அசைவில்லை.

கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ரப்பரையும் போர்டையும் துடைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. உள்ளே ஐசி என்று எதுவும் கண்ணில் படவில்லை, ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கிறது. அது போய்விட்டதா? அக்காவும் நானும் சண்டை போட்டு விளையாடிய கன்ட்ரோலர், தூக்கிப்போட மனசு வரவில்லை.

பதில் 1:
ரப்பருக்கு அடியில் இருக்கும் கார்பன் தேய்ந்திருக்கும். அவசரத்துக்கு சேகாவின் மெகா டிரைவ் கேம் மெஷினுடைய கன்ட்ரோலர் இருந்தால் மாட்டிப் பாருங்கள், அதுவும் 9 பின்தான்.

பதில் 2:
மெகா டிரைவ் கன்ட்ரோலரைத் தயவுசெய்து மாட்டாதீர்கள். பிளக் அதே வடிவம்தான், ஆனால் உள்ளே பின்களின் வேலை வேறு, 5 வோல்ட் வரும் பின்னும் வேறு. நல்ல மெஷினைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கார்பன் தேய்ந்தால் அந்தந்த பட்டன்தான் சண்டித்தனம் பண்ணும். A அழுத்தி ஸ்டார்ட் பட்டனின் வேலை (பாஸ், ஆட்டத் தொடக்கம்) நடக்க அதில் வழியே இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் க்ளாக் வயர், அதாவது பட்டன்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடும் வயர், அறுந்திருக்கிறது.

1977-ல் வந்த அடாரி 2600 ஜாய்ஸ்டிக்கில் ஒரு ஸ்விட்சுக்கு ஒரு வயர்: நான்கு திசை, ஒரு ஃபயர் பட்டன், அப்புறம் கிரவுண்ட். 1983-ல் ஃபேமிகாம் வந்தபோது பட்டன் எட்டானது. நிண்டெண்டோ வயரைக் கூட்டவில்லை. கன்ட்ரோலருக்குள் 4021 வகை ஷிஃப்ட் ரிஜிஸ்டர் (பல பட்டன்களின் நிலையைப் பதிந்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும்) ஐசி ஒன்றை வைத்தது. 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், க்ளாக், டேட்டா என ஐந்தே வயர். லாட்ச் வயரில் மெஷின் ஒரு துடிப்பு அனுப்பியதும் எட்டு பட்டனின் நிலையும் ஐசியில் பதியும். முதலில் A டேட்டா வயரில் வந்து நிற்கும். அதன் பிறகு ஒவ்வொரு க்ளாக் துடிப்புக்கும் B, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். டாக்டர் வீட்டு டோக்கன் மாதிரி, கூப்பிட்டால்தான் அடுத்த ஆள் உள்ளே போக முடியும்.

க்ளாக் அறுந்தால் கூப்பிட ஆளில்லை, A அங்கேயே நிற்கிறது. மெஷின் எட்டு முறை படித்தாலும் எட்டும் A-வின் நிலைதான். அதனால் A அழுத்தினால் ஸ்டார்ட் உட்பட எட்டும் அழுத்தியதாகக் கணக்கு. மற்ற பட்டன்களுக்கு முறையே வருவதில்லை.

1982-ல் டாங்கி காங் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க கேமில் நிண்டெண்டோவின் வடிவமைப்பாளர் குன்பெய் யோகோய் கொண்டுவந்த சிலுவை வடிவத் திசைப் பட்டனை எல்லாரும் கொண்டாடுகிறார்கள், அதற்குத் தகுதியானதுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இந்த ஐந்து வயர் ஏற்பாடு. 1990-ல் சூப்பர் ஃபேமிகாமில் பட்டன் பன்னிரண்டானபோதும் வயர் ஐந்தே போதுமானதாக இருந்தது, ரிஜிஸ்டர்தான் 16 பிட் ஆனது.

உங்கள் கறுப்புப் பொட்டு அந்த 4021-ன் வேலையையும் டர்போவையும் (பட்டனைத் தொடர்ந்து அழுத்துவது போலக் காட்டும் வசதி) சேர்த்துச் செய்யும் சிப். A ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது என்றால் மற்ற நான்கு வயரும் சரி, சிப்பும் பெரும்பாலும் சரிதான். கன்ட்ரோலரை மெஷினிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை பீப்பில் வைத்து, போர்டில் ஒவ்வொரு வயரின் சால்டரையும் பிளக்கின் பின்களோடு தொட்டுப் பாருங்கள். நிறத்தை நம்ப வேண்டாம், நகல்களில் ஆளுக்கொரு நிறம் போட்டிருப்பார்கள்.

கேட்டவர்:
நான்கு வயரில் பீப் வருகிறது, மஞ்சளில் இல்லை. கேபிள் கன்ட்ரோலருக்குள் நுழையும் இடத்தில் அமுக்கிப் பிடித்தால் விட்டு விட்டு வருகிறது! கேபிளையே மாற்ற வேண்டுமா அண்ணா?

பதில் 2:
வேண்டாம் தம்பி. மடங்கி மடங்கி அந்த இடத்தில் உள்ளே இழை அறுந்திருக்கும். முதலில் போர்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழுதைத் தாண்டி நான்கைந்து சென்டிமீட்டர் கேபிளை வெட்டிவிட்டு, ஒரு வயரை எடுத்து அதன் இடத்தில் சால்டர் செய்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். 25 வாட் அயர்ன் போதும். ரொம்ப நேரம் சூடு காட்டினால் மலிவு போர்டில் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். மூடும்போது கேபிளை உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் முளைகளுக்கு இடையே வளைத்து விடுங்கள், இழுபடுவது சால்டரில் ஏறாது.

கேட்டவர்:
எட்டு பட்டனும் டர்போவும் வேலை செய்கின்றன. மிக்க நன்றி அண்ணா! இரண்டாவது கன்ட்ரோலரிலும் அதே இடத்தில் மேலுறை வெடித்திருக்கிறது. அதையும் இப்போதே வெட்டிவிடட்டுமா?

பதில் 2:
மீட்டரை வைத்துக் கேபிளை ஆட்டிப் பாருங்கள். பீப் நிற்காமல் வந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிடுங்கள், வெட்ட வேண்டாம்.